மணப்பாட்டுக்குத் தார் ரோட்டில் ஒரு கடற்பயணம்

உலகத்தில் எத்தனையோ பேர் கடலைக் கடந்திருக்கிறார்கள். எல்லாருமே கப்பலிலோ தோணியிலோ கட்டுமரத்திலோதான் கடந்தார்கள். அதில் என்ன பெரிய சாமர்த்தியம் இருக்கிறது? நான்கு டயரும் ஒரு சொட்டு நனையாமல், வாடகை ஸ்டேஷன் வேகனில், தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை கடலுக்குள் ஓட்டிச் சென்ற முதல் குடும்பத் தலைவன் நான்தான். நடுக்கடலில் ஒரு ரயில்வே கேட்டையும் கடந்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். விஷயம் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. கம்ப்யூட்டரில் பதிவான பிறகு மனிதர்கள் நம்புவதும் நம்பாததும் அவரவர் சொந்த விவகாரம்.

என் பெயர் ஹென்றி. ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருடமாக டாக்குமெண்ட் செக்‌ஷனில் இருக்கிறேன். சரக்கு கப்பலில் வருவதாகப் பாமரர்கள் நினைக்கிறார்கள். சரக்கு பேப்பரில்தான் வருகிறது. கப்பல் துணைக்கு வருகிறது. ஒருமுறை வெங்காயம் ஏற்றிய கண்டெய்னர் ஒன்று எங்கள் யார்டில் வந்து நின்றது. பேப்பர்படி அது கொழும்பில் இருந்தது. பதினோரு நாள் அதைத் தாண்டித்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் வந்தேன். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. இல்லாத கண்டெய்னருக்கு எதற்கு மூக்கைப் பொத்த வேண்டும்? பன்னிரண்டாம் நாள் பேப்பர் வந்து சேர்ந்தது. அன்றைக்குத்தான் அது முறைப்படி நாற ஆரம்பித்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மனைவி பிளாரன்ஸுக்கு ஒரே தம்பி. பெயர் ரெக்சன். மணப்பாட்டில் பைபர் படகு வைத்துத் தொழில் பார்க்கிறான். அக்காளும் தம்பியும் நான்கு வருடம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் மிகச் சிறியது. என் மாமனார் இறந்த அன்று நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. என் விடுப்பு விண்ணப்பம் முறையான வழியில் மேலே போய், முறையான வழியில் கையெழுத்தாகிக் கீழே வர ஐந்து மணி நேரம் ஆனது. பிளாரன்ஸ் தனியாகப் பஸ் ஏறுகிறேன் என்றுதான் சொன்னாள். குடும்பமாகப் போய் நிற்பதுதான் மரியாதை என்று தடுத்து நிறுத்தியவன் நான். கல்லறை வாசலில் ரெக்சன், "அப்பாவுக்கு மண்ணு போடக்கூட ஒனக்கு நேரமில்லாமப் போச்சு, என்னக்கா?" என்று அவளிடம் கேட்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் பிழை எதுவும் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து ரெக்சனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. போன மாதம் அவனே போன் செய்தான்.

"யக்கா, பிள்ளைக்கு நீதான் ஞானத்தாய். அத்தான் ஞானத்தகப்பன். ஞாயித்துக்கிழமை பதினொன்றரைக்கு ஞானஸ்நானம். பன்னெண்டு மணிக்கு சாமியாரு வேற ஊருக்குப் பூசைக்குப் போயிருவாரு. இந்தத் தடவையாவது..."

அவன் முடிக்கவில்லை. பிளாரன்ஸ் போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் வெகுநேரம் அரிசி களைந்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சோறு மல்லிகைப்பூ மாதிரி இருந்தது.

தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்குச் சுமார் அறுபது கிலோமீட்டர். திருச்செந்தூர் பஸ் ஏறி, அங்கே மாறினால் போதும். நம் முன்னோர் அப்படித்தான் போனார்கள். அதனால்தான் அவர்கள் முன்னோராகவே இருந்துவிட்டார்கள். நவீன குடும்பம் எங்கேயும் 'போவது' கிடையாது. 'ரோடு டிரிப்' செய்கிறது. என் ஆபீசில் போன வருடம் மட்டும் ஒன்பது பேர் ரோடு டிரிப் செய்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கார் பானெட்டில் சாய்ந்து நின்று படம் போட்டிருக்கிறார்கள். 'குடும்பப் பிணைப்பு' என்று அதன் கீழே எழுதியிருக்கும். எங்கள் குடும்பம் பிணைக்கப்படாமல் கிடந்தது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

ஆகவே 'ஊர்வலம் செல்ஃப் டிரைவ்' என்ற கம்பெனியில் ஒரு ஸ்டேஷன் வேகனைப் பதிவு செய்தேன். ஒப்பந்தம் நாற்பத்தொரு பக்கம். முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன்னால் அதை யாரும் படித்ததில்லையாம். கிளை ஆபீஸ் பையன்கள் என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு வண்டி வாசலுக்கு வந்தது. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. பிளாரன்ஸின் சித்தி ஈவாஞ்சலின் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நாடி பிடித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

"ஸ்டேஷன் வண்டின்னா, போலீஸ்காரன் வண்டியா மாப்ள?"

"இல்ல சித்தி. பின்னால சாமான் வைக்க நீளமா எடம் இருக்கும். அதுக்குத்தான் அந்தப் பேரு."

"படுக்க வைக்கலாமோ?"

"வைக்கலாம்."

"அப்ப ஆம்புலன்ஸு. அப்படிச் சொல்லும்."

பின்னால் மரத்தொட்டில் ஒன்று, லேஸ் வைத்த ஞானஸ்நானச் சட்டை, மெழுகுவர்த்தி, ஆறு பெட்டி மக்ரூன். முன்னால் நானும் பிளாரன்ஸும். நடுவில் சித்தியும், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அனுஜாவும். கிளம்புமுன் வண்டியைச் சுற்றி அறுபத்து நான்கு போட்டோ எடுக்க வேண்டும் என்பது விதி ஒன்பது. எடுத்தேன். ஐம்பத்தேழாவதில் சித்தியின் கை குறுக்கே விழுந்துவிட்டதால் மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம்.

வண்டியில் கம்பெனியின் போன் ஒன்று பொருத்தியிருந்தது. ஒரு பெண் குரல் அதிலிருந்து "மதிப்பிற்குரிய ஓட்டுநரே" என்று அழைத்து வழி சொன்னது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை. இடதுபுறம் திரும்பச் சொன்னால் நான் இரண்டுமுறை திரும்பத் தயாராக இருந்தேன்.

முள்ளக்காடு தாண்டினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். "எவ்வளவு அழகு" என்று நான் பிணைப்பை ஆரம்பித்தேன். அப்போது என்ஜின் நின்றது.

"மதிப்பிற்குரிய ஓட்டுநரே," என்றது குரல். "தங்கள் வாகனம் கடலுக்குள் உள்ளது. ஒப்பந்த விதி இருபத்தேழின்படி இயந்திரம் நிறுத்தப்படுகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் பிறருக்கு உதவவும்."

சித்தி கண்ணாடியை இறக்கி வெளியே எட்டிப் பார்த்தார். "எங்கன இருக்கு கடலு?"

கடல் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் இருந்தது. ஆனால் அது பாமரர் கணக்கு.

"அப்பா, மேப்புல உப்பளம் பூரா நீலமாப் போட்டுருக்கான்," என்றாள் அனுஜா. "அதான் கடல்னு நெனச்சிட்டு."

"கம்பெனிக்காரன் காரணம் இல்லாம நீலம் போடுவானா?" என்று அவளைக் கண்டித்துவிட்டு, வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். இணைப்பு கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லி ஒரு ஓசையை ஒலிக்க விட்டார்கள். கடலலை ஓசை.

சித்தி காதைக் கொடுத்துக் கேட்டார். "இந்தா, அலை அடிக்கில்லா. கடல்தான் போலிருக்கு மாப்ள."

ஏழு நிமிடத்தில் ஒரு இளைஞன் குரல் வந்தது. "வணக்கம் சார். ஊர்வலம் செல்ஃப் டிரைவ். ஓசூர்லேர்ந்து ஜெயகணேஷ் பேசறேன். சார், நீங்க கடல்ல இருக்கீங்க."

"நாங்க ரோட்டுல நிக்கோம் தம்பி."

"அது உங்க தரப்பு சார்."

என்ன தெளிவு. அவன் வயதில் எனக்குக்கூட இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

"சார், வண்டி மிதக்குதா, மூழ்குதா?"

"நிக்கி."

"அந்த ஆப்ஷன் இல்லையே சார்."

"அப்ப மிதக்குன்னு போட்டுக்கிடுங்க."

பிளாரன்ஸ் திரும்பி என்னைப் பார்த்தாள். நிலைமையைப் படிவத்துக்குள் அடக்குவது ஒரு கலை. அது எல்லாருக்கும் புரியாது.

தரையில்தான் நிற்கிறோம் என்றால் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், போட்டோவில் தண்ணீர் தெரியக் கூடாது என்றான் ஜெயகணேஷ். அனுஜா எடுத்தாள். முன்னால் எடுத்தாலும் தண்ணீர், பின்னால் எடுத்தாலும் தண்ணீர். குனிந்து எடுத்தாள், மக்ரூன் பெட்டிமேல் ஏறி நின்று எடுத்தாள். நான்கு படமும் போய்ச் சேர்ந்தன. ஜெயகணேஷ் அவற்றை சிஸ்டத்தில் ஏற்றினான்.

"சார், செயற்கை நுண்ணறிவு பாத்துடுச்சு. கடல்தான், தொண்ணூத்தேழு சதவீதம். அப்புறம் சார், பயப்படாதீங்க. சுத்திலும் பனிப்பாறை தெரியுதாம்."

"அது உப்பு தம்பி."

"இவ்வளவு உப்பா சார்?"

"தூத்துக்குடி தம்பி இது."

"சிஸ்டம்ல பனிப்பாறைன்னு விழுந்துடுச்சு சார். மாத்த எனக்கு அதிகாரம் இல்ல."

அதிகாரம் இல்லாததை ஒப்புக்கொள்ளும் பக்குவம் எத்தனை பேருக்கு இருக்கிறது? அவன்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

பக்கத்துப் பாத்தியில் சேலைக்குமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் உப்பு வாரிக்கொண்டிருந்தார். பெயர் பேச்சி என்று பிறகு தெரிந்தது. பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு ரோட்டுக்கு ஏறி வந்து, நடந்ததைச் சித்தியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் கையிலிருந்த போனைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, நான் இருவது வருசமா இங்கனதான் நிக்கேன். இது கடல்னா நான் எப்பமோ செத்திருப்பேன்."

"மேடம், நீங்க இந்த வண்டில பயணியா?"

"இல்ல. அளத்துல வேல."

"அப்ப உங்க சாட்சியைச் சேக்க முடியாது மேடம். ஆனா தண்ணில ஒரு ஆள் நிக்கறாங்கன்னு படத்துல வந்துருக்கு. உங்களையும் மீட்கச் சொல்லி எழுதிட்டேன்."

"எங்க கொண்டு போவாவ?" என்று பேச்சி என்னிடம் கேட்டார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு முன்னால வரச் சொல்லாதிய. கூலி போயிரும்."

மணி பத்தே கால். பிளாரன்ஸ் கீழே இறங்கி ரோட்டோரம் நின்று பஸ்ஸுக்குக் கை காட்டினாள். திருச்செந்தூர் பஸ் ஒன்று வந்தது. இடையில் நிற்காத பஸ். டிரைவரும் மரியாதைக்குக் கை காட்டிவிட்டுப் போனார். அடுத்து ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. அதில் ஏற்கெனவே ஒரு ஆட்டுக்கு இடமில்லாமல் அதை மடியில் வைத்திருந்தார்கள்.

"விதி பதினாலு," என்று நான் ஞாபகப்படுத்தினேன். "வாகனம் நீரில் இருக்கையில் ஓட்டுநர் அதைக் கைவிடலாகாது."

"நீங்க இரிங்க. நான் போறேன்," என்றாள். இன்னொரு பஸ் நிற்காமல் போனது.

"ஏளா பிளாரன்ஸ், தம்பிக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிரு," என்றார் சித்தி.

"என்னன்னு சொல்ல சித்தி? கார் கடல்ல நிக்கின்னு சொல்லவா? போன தடவ லீவு லெட்டர். இந்தத் தடவ கடல். அவன் என்ன நெனப்பான்?"

உப்புக் காற்று அவள் முந்தானையை அடித்தது. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். நேராக வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தம்பி ஜெயகணேஷ். நான் அவுக வீட்டுக்காரி பேசுதேன். நீங்க சொன்னதுதான் சரி. நாங்க கடல்லதான் நிக்கோம்."

"தேங்க்ஸ் மேடம்," என்றான் ஜெயகணேஷ். குரலில் பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது.

"கடல்ல நிக்கிற வண்டிய நீங்க என்ன செய்வீங்க?"

"கடல் மீட்புக் குழு வரும் மேடம். நாப்பத்தெட்டு மணி நேரத்துல."

"வண்டி தானா கரைக்கு வந்தா?"

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது.

"மேடம், அப்படி ஒரு ஆப்ஷன் இருக்கு. 'சுயமாகக் கரை திரும்புதல்'. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. இருவது நிமிஷம் என்ஜினை விடுவிப்பாங்க. அதுக்குள்ள கரை சேரலன்னா மறுபடி நின்னுடும். மறுபடி கூப்பிட்டு அனுமதி வாங்கணும்."

"விடுவிங்க தம்பி. பிள்ள குட்டியோட வாரோம்."

என்ஜின் உறுமியது. கல்யாணமான நாளிலிருந்து முதன்முறையாக என் மனைவி ஒரு நிர்வாகத்தோடு ஒத்துழைத்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. பேச்சி, "பாத்து நீந்துங்க அண்ணாச்சி," என்று சொல்லி வழியனுப்பினார்.

"மதிப்பிற்குரிய ஓட்டுநரே, நீரில் வேக வரம்பு நாற்பது," என்றது குரல். நாற்பதிலேயே ஓட்டினேன். உப்பு லாரி எங்களை முந்தியது. டிராக்டர் முந்தியது. தாமிரபரணிப் பாலத்தில் சைக்கிளில் வாழைத்தார் கொண்டுபோன ஒருவர் கொஞ்ச தூரம் எங்கள் கூடவே வந்து, சித்தியிடம் ஊர் விசாரித்துவிட்டுப் பின்தங்கினார்.

"மிதிங்க," என்றாள் பிளாரன்ஸ்.

"விதி பத்தொம்பது."

ஆறுமுகநேரிப் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. போய் நிற்கவும் இருபது நிமிடம் முடியவும் சரியாக இருந்தது. என்ஜின் நின்றது. இப்போது இரண்டு பக்கமும் கடைகள்; ஒரு டீக்கடை, ஒரு உரக்கடை. கடலாக நினைக்க எதுவுமில்லை. ஜெயகணேஷிடம் கேட்டதற்கு விளக்கம் தந்தான். சிஸ்டத்தைப் பொறுத்தவரை கரை என்றால் தூத்துக்குடியில் இருக்கும் அவர்களுடைய கிளை ஆபீஸ்தான். அங்கே வண்டியைக் கொண்டுபோய் விடும்வரை உலகத்தில் மற்ற இடமெல்லாம் கடல்.

நான் அசந்துபோனேன். இந்த நேர்த்தி நம் துறைமுகத்திலேயே கிடையாது.

"இப்ப ஏன் மேடம் நகராம இருக்கீங்க?"

"முன்னால ரயில் போவுது தம்பி."

"கடல்லயா?"

"பாம்பன்ல போகலியா?" என்றார் சித்தி பின்னாலிருந்து.

மறுபடி தட்டச்சுச் சத்தம். "ரயில்னு போட முடியல மேடம். திமிங்கிலம்னு போட்டுக்கவா? அதுக்குத்தான் காத்திருப்பு நேரம் தராங்க."

"போடுங்க தம்பி. நீளமான திமிங்கிலம்."

திமிங்கிலம் எட்டுப் பெட்டிகளுடன் கடந்து போனது. கேட் திறந்தது. அடுத்த இருபது நிமிடம் ஆரம்பமானது. அனுஜாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. சித்தி அவள் தலையில் தட்டிக்கொண்டே தாமும் சிரித்தார். பிளாரன்ஸ்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் சிரித்தாள். குடும்பம் பிணைந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையும் இருக்க வேண்டும் என்பது விதி ஆறு என்பதால் நான் அதில் கலந்துகொள்ளவில்லை.

திருச்செந்தூரில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மொட்டை போட்டவர்களும் போடப் போகிறவர்களுமாக ரோடு நிறைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், சரியாக நடு ரோட்டில், அவகாசம் முடிந்தது. பின்னால் ஹாரன்கள் முழங்கின. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்தார். சட்டையில் சுடலைக்கண்ணன் என்று பெயர் இருந்தது.

"வண்டிய ஓரங்கட்டும்."

"முடியாது சார். நாங்க கடல்லருந்து கரையேறிட்டு இருக்கோம். அவகாசம் முடிஞ்சிட்டு."

அவர் என்னைக் கருணையோடு பார்த்தார். "வாய ஊதும்."

ஊதினேன். ஒப்பந்தத்தின் இருபத்தேழாம் விதியை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் படிக்காமல் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அதற்குள் பிளாரன்ஸ் ஜெயகணேஷைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"மேடம், பக்கத்துல ஆம்பளைக் குரல் கேக்குது. யாரது, கடலோரக் காவல் படையா?"

சுடலைக்கண்ணன் போனைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். வரிசை வளைந்து கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருந்தது. மனிதர் ஒரு நொடியில் முடிவெடுத்தார்.

"ஆமாய்யா. கடலோரக் காவல் படைதான். இந்த வண்டிய ஒடனே எடுக்கச் சொல்லும். பின்னால அம்பது கப்பல் நிக்கி."

"சார், எங்க டீம் லீடர்கிட்ட ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கிட்டேன்," என்றான் ஜெயகணேஷ். "இந்தத் தடவை முப்பது நிமிஷம். மேடம், இங்க ஆபீஸ்ல எல்லாரும் உங்களுக்காக வேண்டிக்கிறோம். கரை தெரியுதா மேடம்?"

"தெரியுது தம்பி," என்றாள் பிளாரன்ஸ். "நல்லா இருப்ப."

மணி பதினொன்று இருபத்தாறு. மணப்பாட்டுக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர். நாற்பதில் போனால் பன்னிரண்டுக்கு ஆறேழு நிமிடம் முன்னால் போய்ச் சேரலாம் என்று நான் கணக்கிட்டுச் சொன்னேன். பிளாரன்ஸ் கணக்கைக் கேட்கவில்லை. குலசேகரன்பட்டினத்தை நெருங்கும்போது, ரோட்டைப் பார்த்தபடியே, மெல்லத்தான் சொன்னாள்.

"ஏங்க. இவ்வளவு நாளா ஒண்ணும் கேட்டதில்ல. மிதிங்க."

என் கால் கொஞ்சம் அழுந்தியது. அது என்னை மீறி நடந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். "மதிப்பிற்குரிய ஓட்டுநரே" என்று குரல் ஆரம்பித்தது. சித்தி எட்டி அதன்மேல் ஒரு மக்ரூன் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். பெட்டிக்குள்ளிருந்து ஊர் வரும்வரை என்னை மதித்துக்கொண்டே வந்தது.

பதினொன்று ஐம்பதுக்குக் கோயில் வாசலில் நின்றோம். ரெக்சன் வெள்ளை வேட்டியில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெளியிலேயே நின்றுகொண்டிருந்தான். ரோட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்திருந்தது. பிளாரன்ஸ் வண்டி முழுதாக நிற்பதற்குள் இறங்கிவிட்டாள். எதிரில் போய் நின்றாள். நேரில் பார்த்து நான்கு வருடமாகியிருந்தது.

"வந்துட்டியா யக்கா," என்றான் ரெக்சன்.

"கடல்வழியா வந்தேன்ல. அதான் பிந்திட்டு."

தினமும் கடலுக்குப் போகிறவன் அவன். அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எந்தக் கடல்ல?"

"பெறவு சொல்லுதேன். பிள்ளைய எங்கிட்ட கொண்டா."

குழந்தையை வாங்கிக் கழுத்தில் முகம் புதைத்தாள். ரெக்சன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். சித்தியும் அனுஜாவும் சட்டையையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே உள்ளே ஓடினார்கள். நானும் இறங்கக் கதவைத் திறந்தேன். அப்போது மக்ரூன் பெட்டிக்குள் மணி அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். 'கரையேற்ற உறுதிமொழிப் படிவம்'. முப்பத்தொரு கேள்விகள். பதினைந்து நிமிடத்தில் பூர்த்தி செய்யாவிட்டால், பயணம் முடிந்ததாகக் கருதப்பட மாட்டாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. பயணமே முடியாத ஒருவன் கோயிலுக்குள் எப்படி நுழைய முடியும்? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அருமையான கேள்விகள். கடலில் நுழைந்தது விருப்பத்துடனா, விருப்பமின்றியா, நண்பர்களுடனா? வாகனத்துக்குள் மீன் ஏதேனும் காணப்பட்டதா, ஆம் எனில் எடை எவ்வளவு? சந்தித்த திமிங்கிலத்தின் நடத்தை திருப்திகரமாக இருந்ததா? ஒவ்வொன்றையும் மனச்சாட்சிப்படி நிரப்பினேன்.

அனுஜா ஓடி வந்தாள். "அப்பா, சாமியாரு கூப்பிடுதாரு. ஞானத்தகப்பன் எங்கன்னு கேக்காரு."

"ரெண்டு நிமிஷம். பன்னெண்டாவது கேள்வி."

மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஓடி வரவில்லை. "அப்பா, சாமியாருக்கு நேரமாச்சாம். நீங்க வாரீங்களா, இல்லியா?"

"இருவத்திரெண்டு. இதை விட்டா முதல்லருந்து வரணும்மா."

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது கேட்டது. தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று புரிந்தது. ஞானத்தகப்பனாக என் இடத்தில் உபதேசியார் ரோச் நின்றாராம். பதிவேட்டிலும் அவர் பெயரையே எழுதினார்கள். பிற்பாடு நான் போய்ச் சரிபார்த்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

எல்லாரும் வெளியே வந்தபோது நான் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தேன். ரெக்சன் சித்தியின் கையைப் பிடித்து வீட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். யாரோ எதற்கோ சிரித்தார்கள். பிளாரன்ஸ் மட்டும் குழந்தையை ஏந்திக்கொண்டு வண்டியருகே வந்தாள். லேஸ் சட்டைக்குள் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் இன்னும் ஈரம் காயவில்லை.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"இதான் கடைசி. முப்பத்தொண்ணு."

குனிந்து படித்தாள். 'கடலில் காணாமல் போனோர் எண்ணிக்கை' என்று கேட்டிருந்தது. நான் பூஜ்யத்தின்மேல் விரலை வைத்திருந்தேன்.

"இங்க கொண்டாங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையால் போனை வாங்கி, ஒன்று என்று அடித்தாள். பெயர் கேட்டது. ஹென்றி என்று அடித்தாள். உறவுமுறை கேட்டது. கணவர். சமர்ப்பித்துவிட்டுப் போனை என் மடியில் வைத்தாள். பிறகு தம்பி வீட்டுச் சாப்பாட்டுக்கு நடந்து போய்விட்டாள்.

போனில் ஒரு வட்டம் கொஞ்ச நேரம் சுற்றியது. பச்சை அடையாளம் விழுந்தது. 'மதிப்பிற்குரிய ஓட்டுநரே, தாங்கள் அளித்த தகவல் சரிபார்க்கப்பட்டு, உண்மை என உறுதி செய்யப்பட்டது.'

கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. இன்றுவரை என் வீட்டில் யாரும் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. நானும் தெரிவிக்கவில்லை.